ஜேம்ஸ் ஸ்டூவர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்? இன்றைக்கும் ஏன் பேசுகிறார்கள்?

1935 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஹாலிவுட்டில் நடித்தவர். ஃபிராங்க் காப்ரா, எர்ன்ஸ்ட் லூபிட்ச், ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக், ஆன்டனி மான், ஜான் ஃபோர்டு, ஆட்டோ பிரெமிங்கர் என்று அந்தக் காலத்துப் பெரிய இயக்குநர்கள் பலரும் இவரை வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். ரசிகர்களுக்கு அவர் 'ஜிம்மி'.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'நல்ல மனிதர், பக்கத்து வீட்டுப் பையன்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிதான். அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு முழுவதும் கோபத்திலும் பயத்திலும் வெறியிலும்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

எந்த ஊர்க்காரர்?

பென்சில்வேனியா மாநிலத்தில் இண்டியானா என்றொரு சிற்றூர். 1908 மே 20 அன்று அங்கே பிறந்தார். இண்டியானா என்று தனி மாநிலமே இருப்பதால் பலர் குழம்புவார்கள், இது ஊர். அப்பா அலெக்சாண்டர் அங்கே பரம்பரையாக நடந்துவந்த ஹார்டுவேர் கடையை வைத்திருந்தார். அம்மா பியானோ வாசிப்பார். ஜிம்மி அக்கார்டியன் கற்றுக்கொண்டார். விமானத்தின் மீதும் சின்ன வயதிலேயே தீராத ஆசை.

கட்டடக்கலை படித்தவர் நடிகரானது எப்படி?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து 1932-இல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து கிடந்த வருடம் அது. வீடு கட்டவே ஆளில்லை, கட்டட வரைஞருக்கு எங்கே வேலை? கல்லூரி நாடகங்களில் அவரைப் பார்த்திருந்த ஜோஷுவா லோகன், மாசசூசெட்ஸ் கடற்கரையில் கோடைகால நாடகம் போடும் 'யூனிவர்சிட்டி பிளேயர்ஸ்' குழுவுக்கு அழைத்தார். ஹென்றி ஃபோண்டா, மார்கரெட் சல்லவன் எல்லாரும் அந்தக் குழுவோடு தொடர்புடையவர்கள். அங்கிருந்து நியூயார்க் மேடை. ஃபோண்டாவும் இவரும் ஒரே அறையில் தங்கி, வாய்ப்புக்காக அலைந்த நாட்கள் அவை.

1935-இல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் ஒப்பந்தம் கிடைத்தது. முதல் படம் 'தி மர்டர் மேன்', நாயகன் ஸ்பென்சர் டிரேசி.

எம்.ஜி.எம். அவரை உடனே நாயகனாக்கிவிட்டதா?

இல்லை. ஆறடி மூன்று அங்குல உயரம், ஒட்டிய உடம்பு, இழுத்து இழுத்துப் பேசும் பேச்சு. கிளார்க் கேபிள் மாதிரி ஆண்களை வைத்துக் கல்லா கட்டிய ஸ்டுடியோவுக்கு இவரை எந்தப் பாத்திரத்தில் போடுவது என்றே தெரியவில்லை. வில்லன், தம்பி, நண்பன் என்று கிடைத்ததிலெல்லாம் போட்டார்கள்.

அந்த நேரத்தில் கை கொடுத்தவர் மார்கரெட் சல்லவன். தனக்கு ஜோடியாக இவர்தான் வேண்டும் என்று 1936-இல் ஒரு படத்துக்குக் கேட்டு வாங்கினார். இருவரும் மொத்தம் நான்கு படங்களில் சேர்ந்து நடித்தார்கள். அதில் லூபிட்ச் இயக்கிய 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' (1940) அவசியம் பார்க்க வேண்டியது. ஒரே கடையில் வேலை பார்க்கும் இரண்டு பேர் நேரில் சண்டை போட்டுக்கொள்வார்கள். பெயர் தெரியாமல் கடிதத்தில் காதலிப்பதும் அதே இரண்டு பேர்தான். விஷயம் இவருக்கு முதலில் தெரிந்துவிடும். தெரிந்தபின் அவளைப் பார்க்கும் அந்தப் பார்வையில் ஆசையும் இருக்கிறது, கொஞ்சம் பழிவாங்கலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருக்கத் தெரிந்தவர் அப்போதே அவர்.

பெயர் வாங்கித் தந்த படம் எது?

'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' (1939). கொலம்பியா நிறுவனத்துக்காகக் காப்ரா இயக்கியது. சூது தெரியாத ஓர் இளைஞனை அரசியல் புள்ளிகள் தங்கள் வசதிக்காக செனட்டராக்குகிறார்கள். ஊழல் புரிந்ததும் அவன் சபையில் எழுந்து, உட்காராமல், மணிக்கணக்கில் பேசிக்கொண்டே நிற்கிறான். உட்கார்ந்தால் பேசும் உரிமை போய்விடும் என்பது செனட் விதி.

இருபது மணி நேரத்துக்கு மேல் பேசியவனின் தொண்டை எப்படிக் கட்டியிருக்கும்? அதை நடித்துக் காட்டுவது சரியாக வரவில்லை என்று நினைத்த ஸ்டூவர்ட், மருத்துவரை வைத்துப் பாதரசம் கலந்த மருந்தைத் தொண்டையில் விட்டுப் புண்ணாக்கிக்கொண்டார். படத்தில் கேட்கும் கரகரப்பு அப்படி வந்தது.

வாஷிங்டனில் முதல் காட்சி பார்த்த செனட்டர்கள் பலர் கொதித்துப் போனார்கள். லண்டனில் தூதராக இருந்த ஜோசப் கென்னடி, ஐரோப்பாவில் படத்தை வெளியிடக் கூடாது என்றே எழுதினார். மக்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். ஸ்டூவர்ட்டுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை இதில்தான்.

எத்தனை ஆஸ்கர் வாங்கினார்? சிலை ஹார்டுவேர் கடையில் இருந்ததாமே?

சிறந்த நடிகருக்கான விருது ஒரே ஒரு முறை: கேத்தரின் ஹெப்பர்ன், கேரி கிராண்டோடு நடித்த 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' (1940). ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டார். வென்ற வருடத்தில் போட்டியாளர்களில் ஒருவர் நண்பர் ஃபோண்டா. தன் ஓட்டை ஃபோண்டாவுக்கே போட்டதாகப் பிற்பாடு சொன்னார். விருது அவருக்குப் போயிருந்தாலும் தவறில்லை என்றே எனக்கும் தோன்றுகிறது. ஸ்டூவர்ட்டுக்கு அது முந்தைய வருடம் 'மிஸ்டர் ஸ்மித்'துக்கே வந்திருக்க வேண்டியது. 1985-இல் வாழ்நாள் பணிக்காகக் கௌரவ ஆஸ்கரும் தந்தார்கள்.

கடைக் கதை உண்மைதான். அப்பா சிலையை ஊருக்கு வரவழைத்துக் கடையில் காட்சிக்கு வைத்தார். ஆணி, சுத்தியல் வாங்க வருகிறவர்கள் ஆஸ்கரையும் பார்த்துவிட்டுப் போனார்கள். நீண்ட காலம் அது அங்கேதான் இருந்தது.

உண்மையிலேயே போரில் விமானம் ஓட்டினாரா, விளம்பரத்துக்கா?

உண்மையிலேயே ஓட்டினார். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

1935-லேயே விமானி உரிமம் வாங்கிவிட்டார். பிறகு வணிக உரிமமும் எடுத்தார். படைக்கு ஆள் எடுத்தபோது உயரத்துக்கேற்ற எடை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாயகன் ஒருவனுக்கு அது நல்ல சாக்கு. அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எடையைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனார். 1941 பிப்ரவரி கடைசியில் ஆஸ்கர் வாங்கியவர், மார்ச் 22 அன்று சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 21 டாலர். அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

ராணுவம் அவரைப் பிரசாரத்துக்கும் பயிற்சி தருவதற்குமே வைத்துக்கொள்ளப் பார்த்தது. விடாமல் கேட்டு, 1943 நவம்பரில் பி-24 குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவின் அணித் தலைவராக இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள டிபன்ஹாம் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். டிசம்பரில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தின் மீது முதல் தாக்குதல். கணக்கில் வந்தவை 20 தாக்குதல்கள். 1944 பிப்ரவரியில் கோத்தா நகர் மீது போன அவருடைய படைப்பிரிவு ஒரே நாளில் 13 விமானங்களை இழந்தது. அன்று அவர் போகவில்லை. மறுநாள் ஃபுர்ட் மீதான தாக்குதலுக்குத் தலைமை ஏற்றுப் போனார். ஒவ்வொரு விமானத்திலும் பத்து பேர் இருப்பார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அந்த 13 என்ற எண்ணைப் படியுங்கள்.

சிப்பாயாகப் போனவர் நான்கே வருடத்தில் கர்னலாகத் திரும்பினார். சிறந்த பறத்தலுக்கான அமெரிக்க விமானப்படைச் சிலுவை இரண்டு முறை, பிரான்சின் போர்ச் சிலுவை ஒன்று. பிறகும் விமானப்படை ரிசர்வில் தொடர்ந்தார். பிரிகேடியர் ஜெனரல் பதவிக்கு அவர் பெயர் போனபோது, பயிற்சி நாட்கள் போதவில்லை என்று செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித் 1957-இல் தடுத்தார். 1959-இல்தான் அது நிறைவேறியது. 1968-இல் ஓய்வு.

போரைப் பற்றிப் பேசுவாரா?

அநேகமாகப் பேசமாட்டார். பட விளம்பரத்துக்குத் தன் போர்க்காலத்தைப் பயன்படுத்துவதும் அவருக்குப் பிடிக்காது.

போர் அவர் நடிப்பை மாற்றியதா?

ஆம். 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) பார்த்தால் கண்கூடாகத் தெரியும். போரிலிருந்து வந்ததும் நடித்த முதல் படம். வயது 38-ஐத் தொட்டிருந்தது, தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. மறுபடி நடிக்க வேண்டுமா என்றே தயங்கிக்கொண்டிருந்தார்.

இதை இதமான கிறிஸ்துமஸ் படம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். படத்தைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். ஜார்ஜ் பெய்லி ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று ஏங்கியவன். அப்பாவின் சிறு கடன் நிறுவனத்துக்காக, தம்பிக்காக, ஊருக்காக ஒவ்வொரு முறையும் பயணத்தை விட்டுக்கொடுத்தவன். பணம் தொலைந்த இரவில் வீட்டுக்கு வந்து பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறான், பொருட்களைப் போட்டு உடைக்கிறான். மனைவியும் பிள்ளைகளும் அவனைப் பார்த்துப் பயந்து நிற்கிறார்கள். அவர்கள் பயந்ததைப் பார்த்து அவன் இன்னும் உடைந்துபோகிறான். 1939-இல் நடித்த ஸ்டூவர்ட்டால் இந்தக் காட்சியைச் செய்திருக்க முடியாது.

மதுக்கடையில் உட்கார்ந்து கடவுளிடம் வேண்டும் காட்சியில் அவர் தன்னை மீறி அழுதுவிட்டார். அது காப்ராவே எதிர்பார்க்காதது. எடுத்த ஷாட் தூரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. திரும்ப நடிக்கச் சொன்னால் அது வராது என்று, பின்னர் லேபில் ஃபிரேம் ஃபிரேமாகப் பெரிதாக்கி குளோசப் ஆக்கினார்கள். அந்த இடத்தில் படம் லேசாகப் புள்ளி புள்ளியாகத் தெரிவதைக் கவனித்தால் காணலாம்.

அது தோல்விப் படம் என்கிறார்களே?

செலவு 30 லட்சம் டாலரைத் தாண்டியது, வசூல் அதை ஈடுகட்டவில்லை. அதனால் நஷ்டம்தான். பனிக்காட்சிகளைக் கோடையில் எடுத்தார்கள். அதற்குமுன் வந்த படங்களில் பனிக்காக, சோள அவலுக்கு வெள்ளைச் சாயம் பூசித் தூவுவார்கள். மிதித்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனம் கேட்காது. இந்தப் படத்துக்காக, தீயணைப்பு நுரையும் சோப்பும் தண்ணீரும் கலந்து புதுவகைப் பனி செய்தார்கள். அதற்குத் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது.

1974-இல் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். காசு கொடுக்காமல் போடலாம் என்றதும் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் போட்டுத் தள்ளின. திரையரங்கில் தவறவிட்ட மக்கள் அதை வீட்டில் உட்கார்ந்து கொண்டாடினார்கள். தான் நடித்ததில் தனக்கு மிகப் பிடித்த படம் இதுதான் என்று ஸ்டூவர்ட் சொல்லி வந்தார். பின்னாளில் இதற்கு வண்ணம் பூசியபோது கடுமையாக எதிர்த்தார்.

நடிகர்கள் லாபத்தில் பங்கு வாங்குவதை இவர்தான் தொடங்கி வைத்தாரா?

முதல் ஆள் என்று சொல்ல முடியாது. ஆனால் வழக்கமாக்கியது இவருடைய ஒப்பந்தம்தான். 'வின்செஸ்டர் 73' (1950) எடுக்க யூனிவர்சல் நிறுவனத்தால் அவர் சம்பளத்தைக் கொடுக்க முடியவில்லை. ஏஜென்ட் லூ வாஸர்மன் ஒரு வழி சொன்னார்: முன்பணம் வேண்டாம், லாபத்தில் பங்கு கொடுங்கள். படம் ஓடியது. வாங்கியிருக்கக் கூடிய சம்பளத்தைப்போலப் பல மடங்கு கைக்கு வந்தது. பிற நாயகர்களும் இதையே கேட்கத் தொடங்கினார்கள். நடிகனை மாதச் சம்பளக்காரனாக வைத்திருந்த ஸ்டுடியோ முறை ஆட்டம் கண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கௌபாய் படங்களில் அப்படி என்ன விசேஷம்?

ஆன்டனி மான் இயக்கத்தில் எட்டு படங்கள் நடித்தார். அதில் ஐந்து கௌபாய் படங்கள். பக்கத்து வீட்டுப் பையன் என்ற பிம்பத்தை இவை உடைத்துப் போட்டன. 'வின்செஸ்டர் 73'-இல் ஒரு போக்கிரியின் கையை முறுக்கி முகத்தை மதுக்கடை மேசையில் அழுத்தும்போது அவர் கண்ணைப் பாருங்கள். அந்த வெறி அன்றைய ரசிகர்களை அதிர வைத்தது.

'தி நேக்கட் ஸ்பர்' (1953) படத்தில், தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளியைப் பிடித்துக் காசு பார்க்க அலைகிறவராக வருகிறார். இழந்த பண்ணையை மீட்க அந்தப் பணம் வேண்டும். கடைசியில், பிணத்தை வைத்துப் பணம் வாங்குவதா வேண்டாமா என்று அழுதுகொண்டே நிற்பார். ஒரு கௌபாய் நாயகன் வெட்கமில்லாமல் அப்படித் தேம்பி அழுவது எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை. ஐந்தில் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள்.

இவ்வளவு சேர்ந்து உழைத்தவர்கள் 1957-இல் 'நைட் பாசேஜ்' படத்தை ஒட்டி மனஸ்தாபப்பட்டுப் பிரிந்தார்கள். அதன்பிறகு சேரவே இல்லை. நமக்குத்தான் நஷ்டம்.

கௌபாய் படங்களில் அவர் ஏறியது பெரும்பாலும் 'பை' என்ற ஒரே குதிரை. ஏறத்தாழ இருபது ஆண்டு. அது அவருக்குச் சொந்தமானதும் அல்ல. சொந்தக்காரர் விற்க மறுத்துவிட்டார்.

ஹிட்ச்காக்கோடு எத்தனை படங்கள்?

நான்கு. 'ரோப்' (1948), 'ரியர் விண்டோ' (1954), 'தி மேன் ஹூ நியூ டூ மச்' (1956), 'வெர்டிகோ' (1958).

'ரியர் விண்டோ'வில் கால் உடைந்த புகைப்படக்காரர். சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்து எதிர் வீடுகளை வேவு பார்க்கிறார். எழுந்து நடக்க முடியாது, கையையும் முகத்தையும் வைத்து முழுப்படத்தையும் தாங்க வேண்டும். தாங்கினார். எதிரே தெரியும் குடியிருப்புகள் முழுவதும் பாரமவுன்ட் ஸ்டுடியோவுக்குள் போட்ட ஒரே செட்.

'வெர்டிகோ' வந்தபோது சுமாராகத்தான் ஓடியது. இறந்துபோனவளைப்போல இன்னொருத்தியை உடை மாற்றி, முடியின் நிறம் மாற்றி, கொண்டை போடச் சொல்லி வதைக்கும் மனிதன். கிம் நோவாக்குக்கு 25 வயது, இவருக்கு 50. வயது வித்தியாசம் படத்தைக் கெடுத்தது என்று அப்போது குறை சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்த வயதுதான் அவன் பரிதவிப்பை இவ்வளவு அசிங்கமாகவும் பாவமாகவும் காட்டுகிறது. மக்கள் நம்பிய, நல்லவன் என்று பெயரெடுத்த முகத்தை வைத்து ஹிட்ச்காக் இதைச் செய்தார் என்பதில்தான் படத்தின் பலமே இருக்கிறது. 2012-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில், ஐம்பது ஆண்டாக முதலிடத்தில் இருந்த 'சிட்டிசன் கேன்' படத்தைத் தள்ளி இது முதலிடம் பிடித்தது.

அவர் பெயரில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. 'ரியர் விண்டோ' கார்னெல் வூல்ரிச் எழுதிய சிறுகதையிலிருந்து எடுத்தது. வூல்ரிச் இறந்தபின் கதையின் புதுப்பித்த காப்புரிமையை ஷெல்டன் அபென்ட் என்பவர் வாங்கினார். படத்தில் ஸ்டூவர்ட்டுக்கும் ஹிட்ச்காக் தரப்புக்கும் உரிமைப் பங்கு இருந்தது. மறுவெளியீட்டுக்கு என் அனுமதி வேண்டும் என்று அபென்ட் வழக்குப் போட, 1990-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 'ஸ்டூவர்ட் எதிர் அபென்ட்' என்று காப்புரிமைச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

திக்கித் திணறிப் பேசுவது இயல்பா, நடிப்பா?

இழுத்துப் பேசுவது இயல்பு. ஆனால் எந்த இடத்தில் தடுமாற வேண்டும், எந்தச் சொல்லை விழுங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கைவசம் இருந்த வித்தை. 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' (1959) அதற்கு நல்ல சாட்சி. மீன் பிடித்துக்கொண்டு, ஜாஸ் வாசித்துக்கொண்டு திரியும் சிற்றூர் வக்கீல். நீதிமன்றத்தில் ஒன்றும் தெரியாத அப்பாவிபோல் தடுமாறுவார். ஜூரிகள் கேட்கக் கூடாத விஷயத்தை அந்தத் தடுமாற்றத்துக்குள்ளேயே கேட்க வைத்துவிடுவார். தன் பாணியைத் தானே பாத்திரத்தின் தந்திரமாக மாற்றிக்கொண்டார் என்பதுதான் இதில் அழகு. வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது இதற்குக் கிடைத்தது. பாலியல் வன்முறை வழக்கு என்பதால் படம் அப்போது பெரிய சர்ச்சை.

குடும்பம்?

41 வயது வரை கல்யாணம் ஆகவில்லை. 1949 ஆகஸ்டில் குளோரியா மக்லீனை மணந்தார். குளோரியாவின் முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு மகன்களைத் தன் பிள்ளைகளாகவே வளர்த்தார். 1951-இல் இரட்டைப் பெண் குழந்தைகள். மூத்த மகன் ரொனால்டு கடற்படைக் காலாட்படை அதிகாரியாக வியட்நாம் போய், 1969 ஜூனில் 24 வயதில் போர்க்களத்தில் இறந்தார். தகப்பன் அந்தப் போரை ஆதரித்தவர். மகன் போன பின்னும் அந்த நிலையை மாற்றிக்கொள்ளவில்லை.

அரசியலில் எதிரெதிர்த் துருவம், ஃபோண்டாவோடு நட்பு எப்படி நீடித்தது?

ஸ்டூவர்ட் பழமைவாதக் குடியரசுக் கட்சிக்காரர். ஃபோண்டா அதற்கு நேரெதிர். இருவரும் சேர்ந்தால் அரசியல் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். மணிக்கணக்காகப் பேசாமல் உட்கார்ந்து பொம்மை விமானம் செய்வார்கள். 1982-இல் ஃபோண்டா இறக்கும்வரை அந்த நட்பு நின்றது.

இந்தியாவுக்கு வந்தாரா? எட்டி விரல் கதை என்ன?

எட்டி என்பது இமயமலையில் திரிவதாகச் சொல்லப்படும் பனிமனிதன். நேபாளத்தின் பாங்போச்சே மடத்தில் 'எட்டியின் கை' என்று ஒன்று இருந்தது. எட்டி தேடிப்போன பீட்டர் பைர்ன் அதிலிருந்து ஒரு விரலை எடுத்து இந்தியாவுக்குக் கொண்டுவந்ததாகவும், 1959-இல் கல்கத்தாவில் தங்கியிருந்த ஸ்டூவர்ட் தம்பதி அதைத் தங்கள் பெட்டியில் லண்டனுக்குக் கொண்டுபோனதாகவும் பைர்ன் சொல்லியிருக்கிறார். 2011-இல் மரபணுச் சோதனை செய்தார்கள். அது மனித விரல். மடத்திலிருந்து எடுத்தது திருட்டுதான், யார் சுமந்தாலும்.

கடைசிக் காலம்?

1970-களில் இரண்டு தொலைக்காட்சித் தொடர்கள், ஜான் வெய்னின் கடைசிப் படமான 'தி ஷூட்டிஸ்ட்'டில் (1976) ஒரு மருத்துவர் வேடம். பிறகு கவிதை எழுதினார். இறந்துபோன தன் நாயைப் பற்றிய கவிதையை ஜானி கார்சன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்தபோது கார்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 1994-இல் குளோரியா இறந்தபின் அவர் வெளியே வருவதே அரிதாகிவிட்டது. 1997 ஜூலை 2 அன்று பெவர்லி ஹில்ஸ் வீட்டில், 89 வயதில் காலமானார். சொந்த ஊரில் 1995-இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது.

புதிதாகப் பார்க்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

'ரியர் விண்டோ'வில் தொடங்குங்கள், யாருக்கும் சலிக்காது. அடுத்து 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்', 'மிஸ்டர் ஸ்மித்'. போருக்கு முந்திய ஸ்டூவர்ட் பிடிபட்ட பிறகு 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' பாருங்கள், கருப்பு வெள்ளையில். வண்ணப் பதிப்பைத் தவிருங்கள். பிறகு 'தி நேக்கட் ஸ்பர்', 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்'. 'வெர்டிகோ'வை முதலில் பார்த்துவிடாதீர்கள். மற்ற படங்களில் அவரை நேசிக்கத் தொடங்கிய பிறகு பார்த்தால்தான் அது உங்களை உலுக்கும்.